எங்கள் வீட்டு எண் ஆறா, ஒன்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு நேரத்தில் அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடும் விடலைப் பையன்களைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் படித்தேன். ஒருவனையாவது பிடித்துத் தெருவில் நிறுத்தி நாலு சாத்து சாத்த வேண்டும், கேமராவில் பதிந்த முகத்தை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று அவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புதிதல்ல. அதே கோபம் நான்கு மாதங்களாக எங்கள் வீட்டிலும் குடியிருந்தது. ஆனால் அவர் சொல்லும் இரண்டு வைத்தியங்களில் ஒன்றை என் கணவர் முயன்று பார்த்தார், இன்னொன்றுக்கு நானே உடந்தையாக இருந்தேன். என்ன ஆனது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு எண் 6. வாசல் தூணில் பித்தளை எண் ஒன்றை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு திருகாணிகளால் பொருத்தியிருந்தோம். ஒரு நாள் இரவு யாரோ மேல் திருகாணியை மட்டும் கழற்றிவிட்டார்கள். எண் தானாகத் தலைகீழாகத் தொங்கி 9 ஆகிவிட்டது. மூன்று நாட்கள் நாங்கள் கவனிக்கவே இல்லை. ஒன்பதாம் எண் வீட்டுக்கு வந்த பார்சல்கள் எங்களிடம் வந்தன, எங்களுக்கு வரவேண்டிய மருந்து எங்கேயோ சுற்றியது. எரிச்சலோடு எரிச்சலாக, ஒரே ஒரு திருகாணியில் ஒரு வீட்டையே இடம் மாற்றியவனின் மூளையை நான் உள்ளூர மெச்சினேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. என் கணவர் மெச்சவில்லை.

அடுத்து அழைப்பு மணி. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் மணி அடிக்கும், கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருமுறை பொத்தானை அழுத்தி அதன்மேல் ஒட்டும் நாடாவை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மணி விடாமல் அலறிக்கொண்டே இருந்தது. பூந்தொட்டிகள் எதிர்வீட்டு வாசலுக்கு இடம் மாறின. எதிர்வீட்டுச் செருப்புகள் எங்கள் தொட்டிகள் இருந்த இடத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

என் கணவருக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு வாளி நிறையத் தண்ணீருடன் அவர் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காத்திருந்த இரவுகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாம் நாள் மணி அடித்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பாய்ந்தார். நனைந்தது படிக்கட்டு. வழுக்கியது அவர் கால். நல்லவேளையாக முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தெருமுனையில் இருட்டுக்குள்ளிருந்து எழுந்த சிரிப்பொலியை வைத்துப் பார்த்தால் குறைந்தது நான்கு பேராவது இருந்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அதை நாங்களே வாளியில் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம்.

அன்று எனக்கு என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. நான் தொலைபேசி நிலையத்தில் இயக்குநராக, அதாவது இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டராக, இருந்து ஓய்வுபெற்றவள். ஆட்கள் கையால் இணைப்புக் கொடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுக்கு எதிரே சுவர்போல ஒரு பலகை நிற்கும். யார் வீட்டில் தொலைபேசியை எடுத்தாலும் அந்த வீட்டுக்குரிய துளைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரியும். அந்தத் துளையில் இணைப்புக் கம்பியின் முனையைச் செருகி, "எந்த எண் வேண்டும்?" என்று கேட்போம். பள்ளி விடுமுறைக் காலத்தில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை குறும்பு அழைப்புகள். கரகரவென்று குரலை மாற்றிக்கொண்டு நிலவுக்கு இணைப்புக் கேட்பார்கள். தீப்பிடித்துவிட்டது என்பார்கள், எங்கே என்று பதறினால் அடுப்பில் என்பார்கள். என் பக்கத்து இருக்கைக்காரிக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். காது கிழியத் திட்டுவாள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அவளுக்கே அழைப்பு வரும். எனக்கு வராது.

நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எந்த வீட்டு விளக்கு எரிகிறது என்பது எங்களுக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குரலை உயர்த்தாமல், "தம்பி, இன்ன எண்ணிலிருந்துதானே பேசுகிறீர்கள்? நேற்றும் இதே நேரத்தில் அழைத்தீர்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று மட்டும் கேட்பேன். மறுமுனையில் ஒரு நொடி மூச்சுச் சத்தம் கேட்கும். பிறகு விளக்கு அணைந்துவிடும். அவர்களைத் திட்டவும் இல்லை, மேலதிகாரியிடம் சொல்வேன் என்று மிரட்டவும் இல்லை. முகம் தெரியாத ஒருவராக இருக்கிறோம் என்ற அவர்களுடைய நம்பிக்கையை மட்டும் எடுத்துவிட்டேன்.

அந்த நினைவில், வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மணி அடித்தால் கதவைத் திறப்பதில்லை, விளக்கைப் போடுவதில்லை, சன்னல் திரையை விலக்குவதில்லை. நாள், நேரம், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுவது மட்டும்தான் வேலை. உறவினர்களும் உண்மையான தேவையுள்ளவர்களும் கைப்பேசியில் அழைத்துவிட்டு வருமாறு சொல்லிவைத்தோம்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்டுகொள்ளாமல் இருந்தால் முதலில் தொல்லை கூடும். வழக்கமாகக் கிடைத்துவந்த பலன் திடீரென்று நின்றால் அந்தச் செயல் மறையும் முன் சிறிது காலம் இன்னும் மும்முரமாகும் என்பது மனித நடத்தையை ஆராய்கிறவர்கள் நன்கு அறிந்த விஷயம். காசு போட்டும் எதுவும் விழாத எந்திரத்தை நாம் பட்பட்டென்று தட்டுகிறோமே, அதுதான். எங்களுக்கு முதல் வாரம் ஐந்து முறை மணி அடித்தது, பத்து நாள் கழித்து ஏழு. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் பொறுமை இழந்து கதவைத் திறந்து கத்துகிறார்கள். அதனால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது, ஏழுமுறை அடித்தால் பலன் உண்டு என்பதைத்தான். எட்டாவது முறைக்கு நாமே ஆள் தயார் செய்கிறோம். நான் என் கணவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

நோட்டுப் புத்தகம் இன்னொன்றையும் காட்டியது. ஒன்றிரண்டைத் தவிர எல்லா மணியும் வெள்ளி, சனி இரவுகளில், ஒன்பதே முக்காலுக்கும் பத்தேகாலுக்கும் இடையில். யாரோ எங்கிருந்தோ வந்து செய்வதல்ல, எங்கள் தெரு வழியாக வீடு திரும்பும் பிள்ளைகள் போகிற போக்கில் செய்வது.

இதற்குள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறொன்று நடந்துவிட்டது. நான் மறக்க விரும்பும் பகுதி இது, ஆனாலும் இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டுக் கேமராவில் ஒரு பையனின் உருவம் பதிந்திருந்தது. இருட்டு, தொப்பி, பாதி முகம். "இவன்தான் தெருவைக் கெடுப்பவன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்ற வாசகத்தோடு படம் குழுவுக்கு வந்தது. அரை மணி நேரத்தில் யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள். இன்னொருவர் அவனுடைய பள்ளிப் படத்தைப் போட்டார். அவன் வளர்ப்பைப் பற்றி, அவன் தாயைப் பற்றி, நேரில் சொல்லக் கூசும் சொற்களையெல்லாம் எழுதினார்கள். நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்தப் படத்தை என் தங்கைக்கும் இரண்டு தோழிகளுக்கும் அனுப்பினேன். இதோ பார், பிடித்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம்.

அந்தப் பையன் அந்த வாரம் முழுவதும் காய்ச்சலில் படுத்திருந்தான். மருத்துவரின் சீட்டை அவன் தாய் வீடு வீடாக எடுத்து வந்து காட்டினார். எங்கள் வாசலிலும் நின்றார். "நீங்கள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் அத்தை. ஆனால் நீங்கள் அந்தக் குழுவில் இருந்தீர்கள் அல்லவா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. படத்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஆனால் நான் அனுப்பிய மூன்று பேர் எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்? பல வாரங்கள் அவன் எங்கள் தெருவைத் தவிர்த்து, சுற்றுப்பாதையில் பள்ளிக்குப் போனான்.

குற்றமே செய்த சிறுவனாக இருந்தாலும் விசாரணையின் எல்லாக் கட்டங்களிலும் அவனுடைய அந்தரங்கம் முழுமையாகக் காக்கப்பட வேண்டும் என்று 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர்கள் பொதுவாக அந்த உடன்படிக்கையின்படி குழந்தைகளே. நீதிபதிக்கே விதிக்கப்பட்டிருக்கும் அந்தக் கட்டுப்பாடு, கையில் கைப்பேசி வைத்திருக்கும் நமக்கு மட்டும் ஏன் பொருந்தாது? கேமரா வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். தேவைப்பட்டால் அந்தப் பிள்ளையின் பெற்றோரிடமோ காவல் துறையிடமோ காட்டுங்கள். குழுவில் போடாதீர்கள்.

கருவிகளை நம்புகிறவர்களுக்காக ஒரு கதை, உண்மைக் கதை. பிரிட்டனைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன் என்பவர் 2005-ஆம் ஆண்டு வாக்கில், கடை வாசலில் கூடும் விடலைகளை விரட்ட ஒரு கருவி செய்தார். அதற்குக் கொசு என்று பெயர். வயது ஏற ஏற மிக உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் நமக்குக் குறைந்துகொண்டே வரும். ஆகவே சுமார் 17,400 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்பினால் பிள்ளைகளுக்குக் காது குடையும், பெரியவர்களுக்கு ஒன்றும் கேட்காது. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசும் 2006-இல் அவருக்குக் கிடைத்தது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஒலியைக் கைப்பேசியின் அழைப்பொலியாக மாற்றிக்கொண்டார்கள். வகுப்பறையில் கைப்பேசி ஒலிக்கும், ஆசிரியருக்கு மட்டும் கேட்காது. பின்னர் 2010-இல் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை அந்தக் கருவியைப் பொது இடங்களில் தடை செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. கைக்குழந்தைக்கும் அந்த ஒலி கேட்கும் அல்லவா? அது என்ன குறும்பு செய்தது? விடலைப் பருவத்தாரோடு தந்திரப் போட்டியில் இறங்கினால் தோற்பது நாமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவமும்கூட. அவர்களுக்கு நேரம் அதிகம், முழங்கால் வலி இல்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, நோட்டுப் புத்தகம் சொன்ன நேரத்தில், கதவுக்குப் பின்னால் ஒளியாமல் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். நான்கு பையன்கள் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் உலகிலேயே நல்ல பிள்ளைகளைப் போல நடந்தார்கள். ஒருவனை மட்டும் எனக்குத் தெரியும், மருந்து கொண்டுவரும் பெரியவரின் பேரன். அப்போது நான் எதுவும் பேசவில்லை. "இருட்டாக இருக்கிறது, பார்த்துப் போங்கள்" என்றேன். மறுநாள் காலை அவன் தனியாக வந்தபோதுதான் கூப்பிட்டேன்.

தனியாக என்பது முக்கியம். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 306 பேரை வயதுவாரியாகப் பிரித்து, கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை விளையாட வைத்தார்கள். சிலர் தனியாக, சிலர் கூட்டாளிகள் பார்க்க. பதின்ம வயதினர் கூட்டாளிகள் பார்க்கும்போது தனியாக இருக்கும்போதைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள். இருபத்து நான்கு வயதைக் கடந்தவர்களிடம் யார் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு பேர் நடுவில் நிற்கும் பையனிடம் நாம் பேசினால் அவன் நமக்குப் பதில் சொல்வதில்லை, பின்னால் நிற்கும் மூவருக்குத்தான் சொல்கிறான். அதைத் திமிர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தனியாக நின்ற அந்தப் பையன் திண்ணையின் ஓரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"நீதான் செய்தாயா?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று பொய் சொல்லவேண்டிய கட்டாயத்துக்கு அவனை நானே தள்ளுவேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். தேதிவாரியாக எழுதியிருந்ததை அவன் படித்தான். ஓரிடத்தில் அவனையறியாமல், "இது நாங்கள் இல்லை, அன்றைக்கு மழை" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்து காது சிவந்துபோனான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டைப் போலவே அங்கும் மணி அடித்துவந்தது. அங்கே எண்பது கடந்த ஓர் அம்மா தனியாக இருக்கிறார், நான்கு கால் ஊன்றுகோல் பிடித்துத்தான் நடப்பார்.

"அந்த வீட்டில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தோம் ஆன்ட்டி. எத்தனை முறை அடித்தாலும் யாரும் வெளியே வரமாட்டார்கள்" என்றான்.

"வருகிறார். கட்டிலிலிருந்து கதவுக்கு வந்து சேர அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். நீங்கள் ஓடிப்போன பிறகும் அவர் வந்துகொண்டுதான் இருப்பார். வெளிநாட்டிலிருந்து மகன் வந்துவிட்டானோ என்று நினைத்து வருகிறாராம்" என்றேன்.

நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்த அம்மா என்னிடம் சொன்ன வார்த்தைகள்தான். பையன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் வீட்டில் அதன்பிறகு மணி அடிக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டுமுறை அடித்தது. அது வேறு கணக்கு என்று விட்டுவிட்டேன்.

எண் பலகையை அவனே வந்து சரிசெய்தான். புதுத் திருகாணியை நான் கொடுத்தேன், திருப்புளியை அவன் கொண்டுவந்தான் (அது ஏன் அவன் பையில் இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை). செய்தவரையே சரிசெய்ய வைக்கும் இந்த வழியை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் குடிபோதையில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், சன்னல்களை உடைத்தார்கள். மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி, இவர்களைச் சும்மா தண்டித்து அனுப்புவதைவிடப் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்க வைத்தால் என்ன என்று நீதிமன்றத்துக்கு யோசனை சொன்னார். நீதிபதியும் ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள், தாங்கள்தான் செய்தோம் என்று சொன்னார்கள், சேதத்தைக் கேட்டறிந்தார்கள், சில மாதங்களில் இழப்பீட்டைக் கொடுத்து முடித்தார்கள். குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் சந்திக்க வைக்கும் முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது என்றால் அதன் தொடக்கங்களில் ஒன்று அந்த ஊர்க் கதவுகள்தான். தட்டிவிட்டு ஓடாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று அந்த இளைஞர்களைக் கேட்டால் தெரியும்.

எல்லாவற்றையும் குறும்பு என்று விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. கல் எறிவது, தீ வைப்பது, வண்டியின் பிரேக் கம்பியை அறுப்பது, வாயில்லா உயிர்களை வதைப்பது, ஒரே ஒரு வீட்டை, அதில் வாழ்கிறவர் யார் என்பதற்காகவே குறிவைப்பது: இவற்றுக்கெல்லாம் காவல் நிலையம்தான் வழி. அங்கேயும் நேரம் எழுதிய நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும். ஆனால் துரத்துவதும் அடிப்பதும் எந்தக் கணக்கிலும் சேராது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரியில், மணியடித்துவிட்டுப் போன பையன்களைக் காரில் துரத்திய ஒருவர் அவர்கள் போன காரை மோதினார். மூன்று பேர் இறந்தார்கள். மூவருக்கும் வயது பதினாறு. துரத்தியவருக்கு 2023-இல் ஆயுள் தண்டனை. கோபம் தலைக்கேறிய ஒருவரின் கையில் அன்று இரவு கார்ச் சாவி இருந்தது, அவ்வளவுதான். என் கணவரின் கையில் வாளி மட்டுமே இருந்ததை எண்ணி நான் ஆறுதல் அடைகிறேன்.

சென்ற வாரம் கடிதம் எழுதிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஓடும் அந்தப் பையன்களில் ஒருவனுடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியுமா? தெரியாதென்றால் அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள். காய்ச்சலில் கிடந்த அந்தப் பையனின் வீட்டுக்கு நானும் மணியடித்துவிட்டுத்தான் போய் நின்றேன். அவன் தாய் கதவைத் திறக்கும்வரை எனக்கும் ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. அவன் வெளியே வந்து, பரவாயில்லை என்று தலையாட்டினான். இப்போது எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி இயக்குநர் ஒருவர்

பின்குறிப்பு: என் பெயரை வெளியிட வேண்டாம். திருப்புளி வைத்திருக்கும் பையனின் தாத்தா தங்கள் பத்திரிகைக்குச் சந்தாதாரர். முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வீட்டு எண் 6. இன்று காலை பார்த்தபோது ஆறாகத்தான் இருந்தது.